ஓசூர் கம்பெனியில் சேரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்து ஓசூருக்குத் தொழிற்சாலை லைன் வேலைக்குக் கிளம்பும் தங்கச்சிகளுக்காக எழுதுகிறேன். சூளகிரி வரைக்கும் கம்பெனிகள் வந்துவிட்டன, ஆள் எடுக்கிறார்கள், நல்லது. ஆனால் கேட்டில் கூப்பிடுவது கம்பெனியாக இருந்தாலும், நம் பிள்ளைகள் பலருக்குச் சம்பளம் போடுவது காண்ட்ராக்டர். அதனால் முதல் கேள்வி: “என் பேரு யாரோட ரோல்ல இருக்கும்?” ரோல் என்றால் சம்பளப் பட்டியல்.

பதிலை வாயால் வாங்காதே. நியமனக் கடிதம் எல்லாருக்கும் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கேட்டு வாங்கு. காண்ட்ராக்டர் சம்பளம் தராமல் போனால் கம்பெனிதான் தர வேண்டும். இது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த பொறுப்பு, புதியதிலும் இருக்கிறது.

முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக் கணக்குப் போடு. பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து 12,000 என்றால், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12 சதவீதம், 1,440 ரூபாய் பிடிப்பார்கள். அதே 1,440ஐ முதலாளியும் கட்ட வேண்டும். அவர் பங்கையும் உன் சம்பளத்தில் பிடித்தால் அது சட்டவிரோதம். ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு உன் பங்கு 0.75 சதவீதம்தான், முதலாளி பங்கு 3.25. அந்தச் சின்னப் பிடித்தத்துக்காக யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஓசூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு, பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம் உண்டு. கார்டை மட்டும் சேர்ந்த மாதமே வாங்கிவிடு.

பிடித்த பணம் கணக்கில் ஏறியதா என்று பார்ப்பதுதான் முக்கியம். யூ.ஏ.என். என்ற 12 இலக்க பி.எஃப். எண் உனக்கு ஒன்றே ஒன்று, சாகும் வரை. பதிவு செய்த செல்போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். உமங் என்ற அரசு ஆப்பில் பாஸ்புக்கே பார்க்கலாம். மாதாமாதம் பார். செல் நம்பரும் ஆதாரும் உன்னுடையதாக இருக்கட்டும். ஏஜெண்டு நம்பரைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்காக அவன் பின்னால் அலையும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

காண்ட்ராக்டர் மாறும்போதுதான் பணம் தொலைகிறது. புது ஆள் புது யூ.ஏ.என். போட வந்தால் ஒத்துக்கொள்ளாதே, பழைய எண்ணைக் கொடு. பழையவர் உன் விலகல் தேதியைப் பதியாமல் விட்டால் கடைசி பி.எஃப். தொகை கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீயே யூ.ஏ.என். தளத்தில் பதியலாம். எண் ஒன்றே என்றாலும் அதற்குள் ஒவ்வொரு முதலாளிக்கும் தனிக் கணக்கு. அதனால் அதன் பிறகு பழைய பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்று.

ஓ.டி. பார்த்தால் இரட்டைச் சம்பளம். எத்தனை மணி நேரம் பார்த்தாய் என்று நோட்டில் தேதியோடு எழுதி வை.

பணம் ஏறவில்லை என்றால் முதலில் எச்.ஆரிடம் எழுத்தில் கேள். அசையவில்லை என்றால் பி.எஃப். குறைதீர் தளத்தில் புகார் போடு. சம்பளச் சீட்டையும் பாஸ்புக் பக்கத்தையும் சேர்த்துப் பதிவேற்று. இரண்டு மூன்று பேர் அவரவர் பேரில் போட்டால் இன்னும் நல்லது.