கனவு இல்லத்துக்கு மனு எழுதும் முன்னால் பட்டாவை எடுத்துப் பாருங்கள்

குடிசையில் இருப்பவர்கள் வீடு கட்டிக்கொள்ள 2024ல் தமிழக அரசு கொண்டுவந்ததுதான் கலைஞரின் கனவு இல்லம் திட்டம். ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம். ஒன்றிய ஆபீஸில் ஆள் தெரிந்தால்தான் கிடைக்கும் என்று டீக்கடையில் சொல்வார்கள், அதைக் கேட்டுவிட்டு நேராக மனு எழுதப் போகாதீர்கள். எங்கள் அத்தைக்காக நான் அலைந்தபோது மாட்டிக்கொண்டது பட்டாவில்.

மனை அவர் புகுந்த வீட்டுச் சொத்து, பட்டாவோ இறந்துபோன மாமனார் பெயரில், பங்காளிகள் இரண்டு பேர். உங்களுக்கும் இப்படி இருந்தால் முதலில் வாரிசுச் சான்று வாங்குங்கள், பங்காளிகளோடு உட்கார்ந்து பேசி பாகத்தைப் பிரித்துப் பதிவு செய்யுங்கள், அப்புறம் இ-சேவை மையத்தில் உட்பிரிவோடு, அதாவது உங்கள் பாகத்தைத் தனி எண்ணாகப் பிரித்து, பட்டா மாறுதலுக்குப் போடுங்கள். சர்வேயர் வந்து அளந்து கல் போடும்வரை மாதக்கணக்கில் இழுக்கலாம், அதனால்தான் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தண்டோரா போட்ட பிறகு ஓடக்கூடாது என்கிறேன். குடிசை புறம்போக்கில் இருந்தால் இந்தத் திட்டத்துக்கு வழியில்லை. முதலில் வீட்டுமனைப் பட்டா கேட்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். வேறு இடத்தில் கான்கிரீட் வீடு வைத்திருப்பவர்களுக்கும் அரசு வேலையில் இருப்பவர்களுக்கும் கிடையாது.

பட்டா சரி என்றால் அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். பயனாளிப் பட்டியல் அங்கே வைக்கப்பட வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு மிட்டாயோடு கிளம்பிவிடாமல் கடைசிவரை இருங்கள், பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். தலைவர் இருந்தாலும் சரி, அவர் இடத்தில் தனி அலுவலர் இருந்தாலும் சரி, பெயர் விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து கேட்டு தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

பெயர் வந்துவிட்டது என்று வாயால் சொன்னதை நம்பி அடித்தளத்துக்கு வானம் தோண்டாதீர்கள், வீடு கட்டுவதற்கான வேலை உத்தரவு கைக்கு வரட்டும். வந்த பிறகும் மொத்தப் பணம் ஒரே தடவையில் வராது: அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை, முடிவு என்று நான்கு கட்டம். நீங்கள் கட்டி முடித்து, ஓவர்சீயர் வந்து பார்த்து போட்டோ எடுத்த பிறகுதான் அந்தக் கட்டத்துக்கான பில் போகும். அதனால் அடித்தளச் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்து போகும், அதை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள், கந்துவட்டிக்கு வாங்கினால் வருகிற தவணையை வட்டியே தின்றுவிடும். சிமெண்டும் கம்பியும் ஒன்றியம் மூலமாகக் கொடுத்துவிட்டு விலையை பில்லில் கழித்துக்கொள்வார்கள். இன்னொன்று, 2024ல் திட்டம் வந்தபோது போட்ட கணக்குப்படி அந்த மூன்றரை லட்சத்தில் கழிப்பறைக்கான 12,000 ரூபாயும் நூறு நாள் வேலையில் 90 நாள் கூலியும் அடக்கம். வேலை அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு 360 சதுர அடி, அதில் 300 அடிக்கு கான்கிரீட் கூரை கட்டாயம். மீதிக்கு எளிதில் தீப்பிடிக்காத கூரை போட வேண்டும், ஓலை கூடாது. கட்டுவதுதான் கட்டுகிறோம், கொஞ்சம் பெரிதாகவே கட்டிவிடலாம் என்று கொத்தனார் ஆசை காட்டுவார். எழுநூறு அடிக்கு அடித்தளம் போட்டுவிட்டு ஜன்னல் மட்டத்தோடு நிற்கிற சுவர்கள் எங்கள் பக்கம் இருக்கின்றன. சின்னதாக முடித்துக் குடியேறுங்கள், வசதி வந்தால் பின்னால் இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

தெருவுக்குப் பொதுவாக ஏதாவது வேண்டுமென்றால், பள்ளிக்குச் சுற்றுச்சுவரோ குளம் தூர்வாருவதோ, அதற்கு நமக்கு நாமே திட்டம் தனியாக இருக்கிறது. பொதுவாக செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊரார் போட்டால் மீதியை அரசு தரும், ஆதிதிராவிடர் குடியிருப்பு என்றால் ஊர்ப் பங்கு இன்னும் குறைவு. ஊர்ப் பங்கை முதலில் கட்ட வேண்டும். அதனால் வசூலுக்கு நோட்டுப் போட்டு கணக்கை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி எழுதி வையுங்கள், எங்கள் தெருவில் அதில்தான் சண்டை வந்தது.