சேட்டில வானவில் விழுந்தா என்ன செய்யிறது

புதுக்குடியிருப்பில ஒரு கலியாண வீடு. பொம்பிளையின்ர மாமாக்காரர் பொடிக் கோடு போட்ட வெள்ளைச் சேட்டோட நிண்டவர், நானும் இரவல் கமராவில குறூப் போட்டோ எல்லாம் எடுத்திட்டு வீட்ட வந்து கொம்பியூட்டரில போட்டுப் பாத்தா மனிசன்ர நெஞ்சு முழுக்க பச்சையும் ஊதாவுமா அலையடிக்குது. இதுக்குத்தான் மொய்ரே எண்டு பேர்.

நுளம்பு வலை ரெண்டு மடிப்பாத் தொங்கேக்க பெரிய பெரிய அலை தெரியுமே, அதே சங்கதிதான். கமராக்குள்ள வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சாரில இருக்கிற பிக்சல் (புள்ளி) வரிசை ஒரு வலை, சேட்டுக் கோடு மற்ற வலை, கோடு பிக்சலுக்கு அடங்காத அளவு பொடியாப் போனா கமரா பிழையா வாசிக்குது. நாலு பிக்சலில ரெண்டு பச்சை, ஒண்டு சிவப்பு, ஒண்டு நீலம் எண்டு இருக்கிறபடியா பிழை நிறமாவும் வந்து விழுது.

இதைத் தடுக்கத்தான் சென்சாருக்கு முன்னால ஏஏ (அன்டி-ஏலியாசிங்) பில்டர் வைக்கிறவங்கள். மெல்லிய பளிங்குத் தகடு, வாற வெளிச்சப் புள்ளியை நாலாப் பிரிச்சு பக்கத்துப் பக்கத்துப் பிக்சலில போடும். அலை குறையும், ஆனா படமும் கொஞ்சம் மொழுக்கெண்டு வரும். (ஏ9இல இருந்து இறங்கின கிறவல் ரோட்டுப் புழுதி கமராக்குள்ள போனா, அது குந்துறதும் இந்தக் கண்ணாடி அடுக்கிலதான், சென்சாரில இல்லை.)

உங்கட கமராவில இந்த ஏஏ பில்டர் இருக்கா எண்டு முதல் பாருங்கோ. கனன் 700டியில இருக்கு. நிக்கன் டி7100, டி5300 ரெண்டும் 2013இல வந்தது, ரெண்டிலயும் இல்லை. 2012இல வந்த டி800இல இருக்கு, அதின்ர சோடி டி800ஈயில பில்டரின்ர வேலையை இல்லாமல் பண்ணிப்போட்டாங்கள். பென்டக்ஸ் கே-3 தான் விண்ணன், பில்டரே இல்லாமல் சென்சாரை மெல்லிசா ஆட்டி அதே வேலையைச் செய்யும், வேண்டாமெண்டா ஓஃப் பண்ணலாம்.

சோதிக்க நுளம்பு வலையையே கொடியில காயப்போட்ட மாதிரி விரிச்சுக் கட்டுங்கோ. கமராவை ட்ரைபொட்டில வச்சு, எஃப் 5.6 (லென்ஸ் வாய் திறக்கிற அளவு), ரெண்டு செக்கன் டைமர், லைவ் வியூவில (பின் ஸ்க்ரீனில) பெருசாக்கி போகஸ் பண்ணி, ஒவ்வொரு அடியாப் பின்னால போய்ப் போய் எடுங்கோ. ஒரு தூரத்தில நிற அலை பளிச்செண்டு வந்தா பில்டர் இல்லை, இல்லாட்டி மெலிசு. ஆனா படத்தை 100 வீதத்தில வச்சுப் பாத்துத்தான் முடிவெடுக்கோணும், சின்னனாக்கிப் பாக்கேக்க ஸ்க்ரீனே பொய் அலை காட்டும், நான் உதில ஒரு பின்னேரம் முழுக்க ஏமாந்தனான்.

கலியாண வீட்டில அலை வந்தா ரெண்டு அடி முன்னுக்கோ பின்னுக்கோ போங்கோ, இல்லாட்டி ஆளைக் கொஞ்சம் திரும்பி நிக்கச் சொல்லுங்கோ. வெளிச்சம் காணுமெண்டா எஃப் 11, 16 எண்டு லென்ஸ் வாயை மூடினாலும் படம் மெல்லிசா மொழுக்காகி அலை போயிரும். அப்பிடியும் வந்தா லைட்ரூம் எண்ட படம் திருத்திற மென்பொருளில பிரஷ் எடுத்து மொய்ரே ஸ்லைடரைச் சேட்டில மட்டும் பூசுங்கோ. நிறம் போகும், கோட்டுக் குழப்பம் முழுக்கப் போகாது.

பில்டர் இருக்கிற கமராக்காரர் கவலைப்படத் தேவையில்லை, மொழுக்கைத் திருப்பி எடுக்கலாம். ரோவில (கமரா திருத்தாமல் வைக்கிற RAW பைலில) எடுங்கோ, லைட்ரூமில ஷார்ப்பனிங் (படத்தைக் கூராக்கிற ஸ்லைடர்) தானா 40இல நிக்கும், அதை 60, 70க்கு ஏத்தி ரேடியஸை (கூராக்கிற விளிம்பின்ர அகலத்தை) 0.8க்கு இறக்குங்கோ. பிறகு ஆல்ட் கீயை அமத்திக்கொண்டு மாஸ்கிங்கை இழுங்கோ, வெள்ளையாத் தெரியிற இடம்தான் கூராகும், கன்னமும் வானமும் கறுப்பாகும் மட்டும் இழுத்தாக் காணும். இரணைமடுக் குளத்துப் படமெண்டா வானத்தில பொரிப்பொரியா வராமல் இருக்க இது முக்கியம்.

பில்டரைக் கழட்டித் தாறன் எண்டு ஆராவது சொன்னா கமராவைக் குடுத்திடாதேங்கோ. கைநடுக்கத்தில எடுத்த படத்தைக் காட்டி பில்டர்தான் காரணமெண்டு சொல்லுற ஆக்கள்தான் இஞ்ச கனபேர், முதல் ட்ரைபொட்டில வச்சு ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.