ஆடுகிற கத்திக்கு வீட்டிலேயே புதுப் பிடி

குசினிக் கத்தியின் பிடி உடைவது அபூர்வம், கழருவதுதான் வழக்கம். மரம் சரியாகக் காய்ந்திருக்காது, இல்லையென்றால் துளை பெரிதாகியிருக்கும். இங்கே சொல்வது, இரும்பு வால் மரத்துக்குள் போகிற கத்திக்கு மட்டும். இரு பக்கமும் பலகை வைத்து ஆணி அடிக்கிற கத்தி வேறு வேலை.

மரத்துக்குப் பூவரசை மிஞ்ச ஒன்றுமில்லை. நார் நெருக்கம், இலேசில் பிளக்காது, வேலியிலேயே நிற்கிறது. நடுவிலுள்ள கபில நிற வைரத்தை எடுங்கள்; அதைச் சுற்றியுள்ள வெளிறிய மரத்தைப் பூச்சி அரிக்கும். பச்சையாக வெட்டினால் இரண்டு முனைக்கும் மெழுகு பூசி, நிழலில் 3, 4 மாதம் விடவேண்டும். மாரியில் அரைகுறையாகக் காய்ந்த மரம் சித்திரை வெயிலில் சுருங்கி, பிடியின் முனையை இறுக்கும் உலோக வளையமான பூணைக் கழற்றிவிடும். அவசரக்காரர் பழைய யன்னல் நிலைத் துண்டு தேடலாம், மரக்காலையிலும் கேட்கலாம். முதிரை கிடைத்தால் யோகம்தான், ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியைக் கிளப்பும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு அராவுங்கள். பனை வைரம் பார்க்க அழகு, கருந்தும்பு கையில் ஏறும். அலரிக் கட்டை வேண்டவே வேண்டாம், நஞ்சு.

துண்டின் அளவு 5½ அங்குல நீளம், 1½ அங்குல அகலம், 1¼ அங்குலத் தடிப்பு. நார் நீளவாட்டில் நேராக ஓடவேண்டும். முதலில் பூண். கத்தி போகும் முனையை அரை அங்குலத்துக்கு உருளையாகச் சீவி, ¾ அங்குல விட்டமுள்ள பித்தளைக் குழாய்த் துண்டைத் தட்டி ஏற்றுங்கள். ஏறும்போது விளிம்பில் மெல்லிய மரச்சுருள் கிளம்பவேண்டும். சுருள் வராவிட்டால் பூண் தளர்வு. துளை போட்டபின் பூண் ஏற்றப் போனால் வாய் பிளக்கும்.

வால் 3 அங்குல நீளம், 4 மி.மீ. தடிப்பு, அலகோடு சேரும் தோளில் 12 மி.மீ. அகலம் என்று வையுங்கள். 3 மி.மீ. பிட்டால் நடுவில் 2¾ அங்குல ஆழம். அதன் இரு பக்கமும் ஒட்டினாற்போல ஒவ்வொரு துளை, 1 அங்குல ஆழம். துளை வாலைவிடச் சிறிதாகத்தான் இருக்கவேண்டும். மிச்ச இடத்தை நெருப்பு எடுக்கும்.

ஒரு அடி வாழைக்குத்தியில் அலகை முழுக்கக் குத்தி, வாலை மட்டும் வெளியே விடுங்கள். குத்தியின் ஈரம் அலகைக் காக்கும். அலகில் நீலம் ஓடினால் பதம் போயிற்று, பிறகு கொல்லனிடம்தான் போகவேண்டும். சிரட்டைக் கரியில் வாலை மங்கிய சிவப்பாகக் காய்ச்சி, துளைக்குள் 3 செக்கன் அழுத்தி உடனே இழுங்கள். கரியைத் தட்டிக் கொட்டி, திரும்பவும் காய்ச்சி, அதே பக்கம் மேலே வரும்படி செருகுங்கள். இப்படி 4, 5 தரம். வால் கால் அங்குலம் வெளியே மிச்சம் இருக்கும்போது நிறுத்துங்கள். ஒரே மூச்சில் இறக்கிச் சூட்டோடு விட்டால் துளையின் சுவர் முழுக்கக் கரியாகும். அந்தக் கரி நாளடைவில் உதிர, பிடி ஆடத் தொடங்கும். அநேகர் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஆறியபின் உட்புறக் கரியைக் கம்பியால் சுரண்டுங்கள். முந்தி குங்கிலியத்தோடு செங்கல் தூளை உருக்கி ஊற்றினார்கள். இப்போது இரண்டு ரியூப்பில் வரும் எப்பொக்சிப் பசை, சம அளவில் கலந்தது, போதும். பசையை ஊற்றி வாலைச் செருகி, அலகு கீழே தொங்கும்படி பிடியைப் பிடித்து, அடிக்கட்டையில் கொட்டாப்புளியால் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அலகு தானாக மேலே ஏறும். நுனியை நிலத்தில் ஊன்றக்கூடாது, காலையும் கீழே வைக்கக்கூடாது. 24 மணி நேரம் அப்படியே விடுங்கள்.

பிறகு முட்டை வடிவாக அராவுங்கள். உருண்டைப் பிடி ஈரக்கையில் உருளும், கத்தியின் கூர் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. சாண்ட் பேப்பர் 80, 120. ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நார் மயிர்போல எழும்பும். அதை 240ஆல் எடுத்துவிடுங்கள்.

நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் சரிவராது, காயாமல் பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிய பூச்சாக 3 தரம், ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு நாளாவது காயவிடுங்கள். எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறியவேண்டாம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போடுங்கள்.