ஒரே தமிழ்ச் சொல், இரண்டு ஆங்கிலச் சொல்: எதை எங்கே போடுவது?

அகராதியைப் புரட்டினால் 'ஹியர்', 'லிசன்' இரண்டுக்கும் 'கேள்' என்றுதான் போட்டிருக்கும். 'சே'வுக்கும் 'டெல்'லுக்கும் 'சொல்'. இந்த மாதிரி ஜோடிகளை அர்த்தத்தை மட்டும் வைத்து எத்தனை தடவை மனப்பாடம் செய்தாலும், எழுத உட்காரும்போது கை குழம்பத்தான் செய்யும். அதனால் அர்த்தத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிக்குத் தமிழே கைகொடுக்கும், நாம்தான் கேட்பதில்லை.

முதலில் 'சே', 'டெல்'. 'டெல்' வந்தால் அடுத்து பெரும்பாலும் கேட்கிற ஆள் வர வேண்டும்: 'டெல் மீ', 'டெல் ஹர்'. 'சே' வந்தால் அடுத்து வருவது சொன்ன விஷயம், ஆளையும் சேர்க்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு 'டு' போட்டாக வேண்டும். 'ஹி ஸெட் மீ' என்று எழுதினால் தவறு, 'ஹி டோல்ட் மீ' சரி. 'டெல் எ ஸ்டோரி', 'டெல் தி ட்ரூத்', 'டெல் எ லை' மாதிரி சில தொடர்கள் மட்டும் ஆள் இல்லாமலும் நிற்கும், அவற்றை அப்படியே பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

'ஸ்டீல்', 'ராப்' இரண்டுக்கும் இதே வழி. 'ஸ்டீல்' என்பதற்குப் பின்னால் திருடுபோன பொருள் வரும், 'ராப்' என்பதற்குப் பின்னால் பறிகொடுத்த ஆளோ இடமோ வரும். பேங்க்கை 'ராப்' செய்வார்கள், பணத்தை 'ஸ்டீல்' செய்வார்கள். 'தே ஸ்டோல் தி பேங்க்' என்று எழுதினால் கட்டடத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஆகிவிடும்.

'பாரோ', 'லெண்ட்' விஷயத்தில் திசைதான் எல்லாம். தமிழில் 'இரவல்' என்று ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, வாங்குவதா கொடுப்பதா என்பதைப் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்தத் திசை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: இரவல் வாங்கினால் 'பாரோ', கொடுத்தால் 'லெண்ட்'. பேனா வேண்டுமா? 'கேன் ஐ பாரோ யுவர் பென்' என்று கேளுங்கள், இல்லையென்றால் 'கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்' என்று கேளுங்கள். 'பாரோ மீ' வேண்டாம்.

இனி, நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம்: 'பை', 'அன்டில்', 'வித்தின்'. 'ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன்' என்பதற்கு 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். தமிழில் யாரும் 'வெள்ளிக்கிழமை வரை அனுப்புகிறேன்' என்று சொல்ல மாட்டோம் இல்லையா, அந்தக் காதை அப்படியே நம்புங்கள். செயல் அதுவரைக்கும் தொடர்ந்து நடக்கிறது, தமிழில் 'வரை' வருகிறது என்றால் 'அன்டில்'. ஒரு தடவை நடந்து முடிகிறது, அதற்கொரு கெடு இருக்கிறது, தமிழில் 'க்குள்' வருகிறது என்றால் 'பை'. ஆனால் இந்தக் 'க்குள்'ளில் ஒரு சின்ன வம்பு உண்டு. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றாலும் அதேதான், 'மூன்று நாளுக்குள்' என்றாலும் அதேதான். ஆங்கிலம் இங்கே பிரிகிறது: நாளோ மணியோ குறிப்பிட்ட ஒரு புள்ளி என்றால் 'பை ஃப்ரைடே', கால அளவு என்றால் 'வித்தின் த்ரீ டேஸ்'.

புள்ளியா அளவா என்கிற இதே கேள்வி 'சின்ஸ்', 'ஃபார்' இரண்டையும் பிரித்துவிடும். '2020இலிருந்து' என்றால் 'சின்ஸ்', 'இரண்டு வருஷமாக' என்றால் 'ஃபார்'. 'சின்ஸ் டூ இயர்ஸ்' என்று ஒன்று கிடையாது. தமிழ் இங்கே காலை வாருவது வினையில்தான்: நாம் 'வேலை செய்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வதால் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2020' என்று வந்துவிடுகிறது, அங்கே 'ஐ ஹாவ் பீன் வொர்க்கிங்' வர வேண்டும்.

'ஹியர்' என்பது காதில் விழுவது, 'லிசன்' என்பது காது கொடுத்துக் கேட்பது. அதேபோல 'ஸீ' கண்ணில் படுவது, 'லுக்' கண்ணைத் திருப்பிப் பார்ப்பது. நீங்களாக முயற்சி எடுக்கிற இரண்டுக்கும் வால் உண்டு, 'லிசன் டு', 'லுக் அட்'. 'வாட்ச்' என்றால் நடந்துகொண்டிருக்கிற ஒன்றைத் தொடர்ந்து பார்ப்பது, மேட்ச் பார்ப்பது மாதிரி.

'டவுட்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் புரியாததும் சந்தேகம், நம்பாததும் சந்தேகம். பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் 'டவுட்' பெரும்பாலும் நம்பாததுக்குத்தான். மீட்டிங்கில் 'ஐ ஹாவ் எ டவுட்' என்று நீங்கள் அப்பாவியாகக் கையைத் தூக்கினால், திட்டமே சரிவராது என்கிறீர்களோ என்று அவர்கள் நினைக்கக்கூடும். விளக்கம் கேட்கத்தான் என்றால் 'ஐ ஹாவ் எ கொஸ்டியன்' போதும்.

'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' இரண்டில் முன்னது வினை, பின்னது பெயர், விதிவிலக்குகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக ஒரு ஜோடி மாட்டினால் ஆங்கிலம்-தமிழ் அகராதிக்குப் போகாதீர்கள், அதுதான் குழப்பத்தின் பிறப்பிடமே. ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே உள்ள அகராதிகளைத் திறங்கள். 1978இல் முதலில் வந்த லாங்மேன் அகராதி சுமார் 2,000 எளிய சொற்களைக் கொண்டே விளக்கம் எழுதுகிறது, அதனால் விளக்கத்துக்கு இன்னொரு விளக்கம் தேட வேண்டியதில்லை. அதிலும் விளக்கத்தைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களைத்தான் முதலில் படிக்க வேண்டும், பின்னால் என்ன வருகிறது என்பது அங்கேதான் தெரியும்.

கடைசியாக 'லெஸ்', 'ஃப்யூவர்' சண்டை. எண்ண முடிந்தால் 'ஃப்யூவர்', முடியாவிட்டால் 'லெஸ்' என்பார்கள். இந்த விதியின் வேர் 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தனக்கு 'ஃப்யூவர்'தான் நன்றாகப் படுகிறது என்று எழுதியது, அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே எண்ணக்கூடியவற்றுக்கும் 'லெஸ்' வந்துகொண்டுதான் இருந்தது. தூரம், பணம், நேரம் மூன்றுக்கும் இன்றைக்கும் 'லெஸ்' தான் இயல்பு, 'லெஸ் தேன் ஃபைவ் மினிட்ஸ்' மாதிரி. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் விதிப்படி எழுதிவிடுங்கள், பேச்சில் யாராவது திருத்த வந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.