பழைய சோத்தெர்ன் ஒயினைத் திறந்து பரிமாறுவது எப்படி?

சோத்தெர்ன் என்பது பிரான்சின் இனிப்பு வெள்ளை ஒயின். அதைச் செய்யும் ஷாத்தோ டிகெம் என்ற பண்ணையின் பாட்டில் ஒன்று, முப்பது நாற்பது வருடம் பழையது, உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே கார்க்ஸ்குரூவைத் தேடாதீர்கள்.

முதலில் லேபிளில் ஆண்டைப் பாருங்கள். பிரான்சின் போர்தோ பகுதியில், சோத்தெர்ன் ஊரில் இருக்கும் இந்தப் பண்ணை, விளைச்சல் சரியில்லாத வருடம் தன் பெயரில் இனிப்பு ஒயினே வெளியிடாது. 1964, 1972, 1974, 1992, 2012 எல்லாம் அப்படி விட்ட ஆண்டுகள். அந்த ஆண்டு அச்சடித்த பாட்டிலை யாராவது நீட்டினால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புதிதில் வெளிர் பொன்னாக இருப்பது வயதாக ஆகத் தேன் நிறமாகி, அப்புறம் பழுப்பேறும். அது கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. ஒயின் மட்டம் பாட்டிலின் தோளுக்கும் கீழே இறங்கியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படுக்க வைத்திருந்த பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கும். திறக்கும் நாளில் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜ். 12 டிகிரி அளவு போதும். அதைவிடக் குளிரவைத்தால் வாசனை அடங்கிப்போகும். அதற்குத்தானே இத்தனை விலை!

இனி கார்க். நிதானம் தேவைப்படுவது இங்கேதான். பழைய கார்க் ஊறிப்போய்ப் பொடியும் நிலையில் இருக்கும். சாதாரண கார்க்ஸ்குரூ நடுவில் துளைத்துப் பிய்த்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள கருவி கடையில் கிடைக்கும், அதை வாங்குங்கள். மேலுறையை வெட்டி, பாட்டில் வாயை ஈரத்துணியால் துடையுங்கள். நீளமான தகட்டை முதலில் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே நுழைத்து, இரண்டையும் மாற்றி மாற்றி அசைத்தபடி இறக்குங்கள். முழுதும் இறங்கியதும் மெதுவாக முறுக்கிக்கொண்டே மேலே இழுங்கள். அப்படியும் உடைந்ததா? சரி, மெல்லிய வடிகட்டி இருக்கிறது.

கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுங்கள். இது உருவாகும் விதம் அப்படி. இலையுதிர் காலத்தில் சிரோன் ஆற்றின் குளிர்ந்த நீர் கரோன் ஆற்றில் கலக்கும்போது மூடுபனி எழும்பும். அந்த ஈரத்தில் போட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை திராட்சையில் பிடித்து, தோலைத் துளைத்து நீரை வற்றவைக்கும். சர்க்கரை உள்ளேயே திரண்டுவிடும். சரியாகச் சுருங்கிய பழங்களை மட்டும் தேடி, ஒரே தோட்டத்தில் பல முறை நடந்து பறிக்கிறார்கள். ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின் என்பது அந்தப் பண்ணையின் கணக்கு.

அடியில் கண்ணாடித்தூள் போல ஏதாவது மின்னினால் பயப்படாதீர்கள். டார்டாரிக் அமிலத்தின் உப்பு அது, ஒன்றும் செய்யாது.

தொட்டுக்கொள்ள? ஒயினைவிட இனிப்பான பண்டம் வேண்டாம், ஒயின் புளித்துத் தெரியும். ரோக்ஃபோர் என்ற நீலப் பூஞ்சை படர்ந்த சீஸின் உப்புக்கு ஈடு இல்லை என்பேன். பிரெஞ்சுக்காரர்கள் வாத்து ஈரலோடும் குடிப்பார்கள்.

மீந்ததை மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். இளசான பாட்டில் ஒரு வாரம் தாங்கும். இந்த வயதுள்ளதை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.