ஊட்டிக் கல்யாணத்துக்குப் போகிறீர்களா?

தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கமிருந்து வேன் பிடித்துப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே, நீலகிரிக்குள் வண்டி நுழைய வேண்டிய இ-பாஸை (இணைய அனுமதிச் சீட்டு) எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்து, ரயிலில் போனால் அது தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கேரி பேக்கும் சோதனைச் சாவடியிலேயே பறிபோகும். எவர்சில்வர் பாட்டில் வையுங்கள். மல்லிகைச் சரத்தை ஈரத் துணியோடு வாழையிலையில் சுருட்டுங்கள், வாடாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறினால் வாந்திதான். இரண்டு இட்லி போதும். குழந்தைகளை முன் சீட்டில் உட்காரவையுங்கள்.

தொட்டபெட்டா சிகரத்துக்கு (2,637 மீட்டர்) காலையிலேயே போங்கள், மதியம் பெரும்பாலும் மூடுபனி மறைத்துவிடும். முகூர்த்தம் முடிந்த மதியம் மலை ரயிலில் குன்னூருக்கு இறங்கி, சிம்ஸ் பூங்காவில் உலாவுவதுதான் எங்கள் தேர்வு. பட்டுப்புடவைமேல் கட்டாயம் ஸ்வெட்டர்.