மறைந்துபோன ரயில்வேக் கட்டடங்களைப் பழைய வரைபடங்களிலும் புகைப்படங்களிலும் தேடுவது எப்படி? அமெரிக்க ஊர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் ரயில் பாதைகள் 1916-ஆம் ஆண்டில்தான் நீளத்தின் உச்சத்தைத் தொட்டன. அப்போது அவற்றின் மொத்த நீளம் சுமார் 2,54,000 மைல். அதன்பின் காரும் லாரியும் பெருகப் பெருகக் கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1940-களிலும் 1950-களிலும் நீராவி என்ஜின்கள் ஓய்வுபெற்று டீசல் என்ஜின்கள் வந்தபோது, நிலக்கரிக் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, சாம்பல் குழி, என்ஜினைத் திருப்பும் டர்ன்டேபிள் ஆகியவற்றுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பாதையில் இன்றும் சரக்கு வண்டிகள் ஓடும் ஊர்களில்கூட இவை காணாமல் போனதற்கு இதுவே காரணம். அவை எங்கே இருந்தன, எப்போது வந்தன, எப்போது போயின என்பதை வீட்டிலிருந்தபடியே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: தேடும் பொருளின் வடிவத்தைக் கண்ணுக்குப் பழக்குதல்

இருந்ததைப் பார்த்திராதவருக்கு இல்லாததைத் தேடுவது கடினம். எனவே முதல் மாலையை உயிரோடிருக்கும் கட்டடங்களுக்கே ஒதுக்குங்கள். பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் உள்ள ஸ்டீம்டவுன் தேசிய வரலாற்றுத் தலத்தையும், ஜார்ஜியாவின் சவானாவில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்தையும் செயற்கைக்கோள் படத்தில் திறந்து பாருங்கள். நடுவில் டர்ன்டேபிள், அதிலிருந்து விசிறியின் கம்பிகளைப்போல் விரியும் தண்டவாளங்கள், அவற்றின் முனைகளை மூடி நிற்கும் வளைந்த கொட்டகை: இதுதான் ரவுண்ட்ஹவுஸ் எனப்படும் லோகோ ஷெட். இந்த விசிறி வடிவம் ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், கட்டடம் இடிக்கப்பட்டு ஐம்பது ஆண்டுகள் ஆன காலியிடத்திலும் அதன் சாயலைக் கண்டுகொள்வீர்கள்.

எல்லா ஊரிலும் ரவுண்ட்ஹவுஸ் இருந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். என்ஜினையும் பணியாளர்களையும் மாற்றும் பெரிய நிலையங்கள் சுமார் நூறு மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்தன. இடைப்பட்ட சிற்றூர்களில் டிப்போ என்று அமெரிக்கர்கள் சொல்லும் நிலையக் கட்டடம், ஒரு கூட்ஸ் ஷெட், சைடிங் எனப்படும் ஒரு பக்கத் தண்டவாளம் ஆகியவை இருக்கும்; கூடவே ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருந்திருக்கலாம்.

படி 2: சான்போர்ன் வரைபடங்கள்

இந்த வேலையில் பெரும்பகுதி நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். 1867-இல் தொடங்கப்பட்ட சான்போர்ன் நிறுவனம், தீ விபத்துக் காப்பீடு வழங்குவோருக்காகச் சுமார் 12,000 அமெரிக்க ஊர்களைக் கட்டடம் கட்டடமாக வரைந்தது. வழக்கமான அளவு ஓர் அங்குலத்துக்கு 50 அடி. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இவற்றில் பெரும்பகுதியைத் தன் இணையதளத்தில் இலவசமாகத் தருகிறது. மாநிலத்தையும் ஊரையும் தேர்ந்தெடுத்து, அந்த ஊருக்குக் கிடைக்கும் எல்லா ஆண்டுகளின் தாள்களையும் தனித்தனிக் கோப்புறைகளில் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் தாளில் உள்ள சுட்டிப் படம், எந்தத் தெரு எந்தத் தாளில் வருகிறது என்பதைச் சொல்லும்.

நிறங்களை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். இளஞ்சிவப்பு செங்கல் கட்டடம், மஞ்சள் மரக் கட்டடம், நீலம் கல் கட்டடம், சாம்பல் உலோகக் கட்டடம். கட்டடத்தின் மூலையில் உள்ள எண், மாடிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும். ஒரு பதிப்பில் மஞ்சளாக இருந்த டிப்போ அடுத்த பதிப்பில் அதே இடத்தில் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால், மரக் கட்டடம் போய்ச் செங்கல் கட்டடம் வந்திருக்கிறது என்று பொருள். எரிந்து போயிற்றா, வேண்டுமென்றே இடித்துக் கட்டினார்களா என்பதை வரைபடம் சொல்லாது. அதற்குச் செய்தித்தாளைத்தான் நாட வேண்டும். காங்கிரஸ் நூலகத்தின் 'க்ரானிக்கிளிங் அமெரிக்கா' தொகுப்பில், இரண்டு பதிப்புகளுக்கு இடைப்பட்ட ஆண்டுகளை மட்டும் தேடினால் போதும்.

இனி, தொடக்கநிலையினர் எல்லோரும் விழும் குழி ஒன்று: வட்டங்கள். ரயில் பாதைக்கு அருகே ஒரு வட்டத்தைக் கண்டவுடன் டர்ன்டேபிள் என்று எழுதிவிடத் தோன்றும். நானும் அப்படி ஒரு வட்டத்தை டர்ன்டேபிள் என்று நம்பி, அதற்கான லோகோ ஷெட்டை இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் அது ஊருக்கு விளக்கெரிக்க நிலக்கரி வாயுவைச் சேமித்து வைத்த தொட்டியாக இருந்தது. வட்டத்துக்குள் தண்டவாளம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால், அல்லது பல தண்டவாளங்கள் அதன் விளிம்பில் வந்து முடிந்தால், அது டர்ன்டேபிள். தண்டவாளத்தை ஒட்டிச் சிறிய வட்டமாக நின்று, பக்கத்தில் கொள்ளளவு கேலன் கணக்கில் எழுதப்பட்டிருந்தால், அது தண்ணீர்த் தொட்டி. தண்டவாளத் தொடர்பே இல்லாத பெரிய வட்டத்தைக் கண்டால், அருகில் வாயு ஆலை இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டடங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் விடாதீர்கள். இரவுக் காவலாளி உண்டா, சூடேற்றுவது அடுப்பா நீராவியா, விளக்கு எண்ணெயா மின்சாரமா என்பதெல்லாம் காப்பீட்டுக்காரர்களின் கவலை. நமக்கோ, அந்தப் பணிமனை எப்படி இயங்கியது என்பதற்கு வேறெங்கும் கிடைக்காத சான்று.

இரண்டு எச்சரிக்கைகள். சான்போர்ன் ஆட்கள் நெருக்கமாகக் கட்டடம் இருந்த பகுதிகளையே வரைந்தார்கள். ரயில் பெட்டிகளை நிறுத்திப் பிரித்துக் கோக்கும் யார்டு ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளியிருந்து, வரைபடத்தில் இல்லை என்பதால் அது இருந்ததே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. அடுத்ததாக, பழைய தாள்களின்மேல் திருத்தச் சீட்டுகளை ஒட்டிப் புதுப்பிப்பது அந்நிறுவனத்தின் வழக்கம். அப்படி ஒட்டிய தாளில் 1912 என்று அச்சிட்டிருந்தாலும், உள்ளே தெரிவது பல ஆண்டுகள் பிந்திய நிலையாக இருக்கலாம்.

படி 3: ரயில்வே மதிப்பீட்டு வரைபடங்களும் நில அளவை வரைபடங்களும்

ரயில் நிறுவனங்களின் சொத்து மதிப்பைக் கணக்கிட 1913-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி நாடெங்கும் பாதைகளை அளந்து வரைந்தார்கள். சைடிங், கூட்ஸ் ஷெட், பாலம், நில எல்லை எல்லாம் அவற்றில் உண்டு. மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை பாதுகாக்கப்படுகின்றன. ஊருக்கு வெளியே இருந்த யார்டுகளுக்கு இவற்றைவிடச் சிறந்த சான்று இல்லை என்பது என் கருத்து. ரயில் நிறுவனங்கள் தம் பிரதிகளைப் பல பத்தாண்டுகள் திருத்திக்கொண்டே இருந்ததால், தலைப்புக் கட்டத்தில் உள்ள தேதியோடு நின்றுவிடாமல் திருத்தப் பட்டியலையும் படிக்க வேண்டும்.

அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையின் 'டோப்போவியூ' தளத்தில் 1880-களிலிருந்து வந்த நில அளவை வரைபடங்கள் கிடைக்கும். கட்டட விவரத்துக்கு இவை உதவா. பாதை எந்த ஆண்டில் ஊருக்குள் வந்தது, எப்போது மறைந்தது என்று பார்க்க உதவும்.

படி 4: வானிலிருந்து எடுத்த புகைப்படங்கள்

1930-களிலிருந்து அமெரிக்க வேளாண் துறை பயிர் நிலங்களை அளக்க விமானங்களை அனுப்பிப் படமெடுத்தது. நீராவிக் காலத்தின் கடைசி ஆண்டுகள் இந்தப் படங்களில் அகப்பட்டுக்கொண்டது நம் நல்வாய்ப்பு. இப்படங்களில் பொருளைவிட நிழலே அதிகம் பேசும். நேர் மேலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி வெறும் புள்ளிதான். அதன் நிழலிலோ தொட்டியும் கால்களும் தனித்தனியாகத் தெரியும். நிலக்கரிக் கோபுரம் தண்டவாளத்துக்கு மேலேயே நிற்பதால், அதன் நீண்ட நிழல் பாதைக்கு அப்பால் போய் விழும்.

படி 5: ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துதல்

கூகுள் எர்த் புரோவில் படத்தை மேலடுக்காக ஏற்றி, அதன் ஒளிபுகும் தன்மையைக் கூட்டி, இன்றைய தெருக்களோடு பொருந்தும்வரை நகர்த்தலாம். துல்லியம் வேண்டுவோருக்குக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எதில் செய்தாலும், இடம் மாறாத புள்ளிகள் நான்கையாவது தேர்ந்தெடுங்கள்: பழைய தேவாலயத்தின் மூலை, நீதிமன்றக் கட்டடத்தின் மூலை, பாலத்தின் தூண் போன்றவை. தெருச் சந்திப்புகளை நம்பும்போது கவனம் தேவை. தெருக்கள் அகலப்படுத்தப்பட்டால் அவற்றின் நடுப்புள்ளியும் நகர்ந்துவிடும். நான்கு புள்ளிகளும் ஒரே மூலையில் நெருங்கியிருந்தால் மறுமூலை கோணலாகும். மேலும், சான்போர்ன் தாள்கள் பலவற்றில் வடக்கு மேலே இருக்காது என்பதால், அம்புக்குறியைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

பொருத்தி முடித்தபின் மாவட்ட நில வரி அலுவலகத்தின் மனை வரைபடத்தையும் அருகில் திறந்து வையுங்கள். சதுரம் சதுரமாக வெட்டிய மனைகளுக்கு நடுவே ஒரே ஓர் எல்லைக்கோடு மட்டும் வில்லாக வளைந்து போகும். அல்லது ஒரு பழைய கிடங்கின் பின்சுவர் காரணமே இல்லாமல் சாய்வாகக் கட்டப்பட்டிருக்கும். ஆலைக்குள் வளைந்து சென்ற சைடிங் விட்டுப்போன தடம் அது. தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்தவர்கள் பத்திரத்தில் உள்ள கோட்டைப் பிடுங்க முடியவில்லை.

படி 6: தரையிலிருந்து எடுத்த புகைப்படங்களுக்குத் தேதி குறித்தல்

டிப்போவின் படம் அந்தக் கால அஞ்சலட்டைகளில் நிறையவே உண்டு. அட்டையின் பின்புறம் முகவரிக்கும் செய்திக்கும் என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தால், அது 1907 மார்ச்சுக்குப் பிந்தியது. அதற்கு முன் பின்புறத்தில் முகவரி மட்டுமே எழுத அனுமதி. ஆனால் அஞ்சல் முத்திரை காட்டுவது அட்டை அனுப்பப்பட்ட நாளை. படம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியதாக இருக்கலாம். அச்சிட்டவர்கள் கம்பங்களையும் கம்பிகளையும் வண்ணம் பூசி மறைத்ததும், வராத ரயிலை வரைந்து சேர்த்ததும் உண்டு. வண்ண அட்டைகளை நான் துணைச் சான்றாக மட்டுமே ஏற்பேன்.

படத்துக்குள்ளேயே தேதிகள் ஒளிந்திருக்கும். கொடியில் 46 நட்சத்திரங்கள் இருந்தால் 1908-க்கும் 1912-க்கும் இடைப்பட்டது. 48 என்றால் 1912-க்கும் 1959-க்கும் இடைப்பட்டது. பெட்டிகளைக் கையால் ஆணி செருகி இணைக்கும் பழைய இணைப்புகள் தெரிந்தால், பெரும்பாலும் 1900-க்கு முந்தியது. தானியங்கி இணைப்புகளைக் கட்டாயமாக்கிய 1893-ஆம் ஆண்டுச் சட்டம் 1900-இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சரக்குப் பெட்டியின் ஓரத்தில் அது கட்டப்பட்ட மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தால், படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

கேமரா எங்கே நின்றது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்கப் பெருநிலத்தில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கிலேயே இருப்பதால், நண்பகல் வெயில் முழுதாக விழும் சுவர் வடக்குச் சுவராக இருக்காது. இந்தக் கணக்கு வரைபடத்தோடு முரண்பட்டால், படம் இடவலமாகத் திருப்பி அச்சிடப்பட்டதா என்று பெயர்ப்பலகையின் எழுத்துகளில் சரிபாருங்கள். கட்டடத்தின் அளவு வேண்டுமென்றால், அதே தொலைவில் உள்ள தண்டவாளங்களின் இடைவெளியையே அளவுகோலாகக் கொள்ளலாம்: 4 அடி 8½ அங்குலம்.

படி 7: பதிவேடும் நேரில் பார்ப்பதும்

ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, அது இல்லாததாகக் கடைசியாகத் தெரியும் ஆண்டு, இருப்பதாக முதலில் தெரியும் ஆண்டு, இருப்பதாகக் கடைசியாகத் தெரியும் ஆண்டு, மீண்டும் இல்லாததாக முதலில் தெரியும் ஆண்டு என நான்கு கட்டங்களை நிரப்புங்கள். 1898 வரைபடத்தில் இல்லாத கூட்ஸ் ஷெட் 1904 வரைபடத்தில் இருந்தால், '1898-க்கும் 1904-க்கும் இடையில் கட்டப்பட்டது' என்று மட்டுமே எழுத வேண்டும். '1904-இல் கட்டப்பட்டது' என்று எழுதுவது தவறு. இந்தத் தவறுதான் உள்ளூர் வரலாற்றுப் பலகைகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. ஒரே சான்றிலிருந்து வந்த செய்திக்கும், இரண்டு சான்றுகள் உறுதிசெய்த செய்திக்கும், நீங்கள் ஊகித்த செய்திக்கும் வெவ்வேறு நிற மை வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

நேரில் போகும்போது, வண்டி ஓடும் பாதையும் யார்டும் தனியார் சொத்து என்பதை மறக்க வேண்டாம். அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம். கைவிடப்பட்ட பாதையும் இன்று யாருடைய நிலமாகவோ இருக்கலாம். பொது நடைபாதையாக மாற்றப்பட்ட பாதைகளில் தாராளமாக நடக்கலாம். பொருத்தி வைத்த வரைபடத்தைக் கைபேசியில் திறந்தபடி நடந்தால், நிலக்கரிச் சாம்பல் கலந்த கருமண்ணும், புதருக்குள் வளைந்து செல்லும் கான்கிரீட் அடித்தளமும், இடிக்கச் செலவு மிகுதி என்று விட்டுவைத்த நிலக்கரிக் கோபுரமும் தென்படக்கூடும். அந்த இடத்தில் நின்று, பழைய படத்தை எடுத்தவர் பார்த்த அதே திசையில் ஒரு படம் எடுத்து, பதிவேட்டில் அந்தக் கட்டடத்தின் வரியோடு சேர்த்து வையுங்கள்.